ஐஸ் பெட்டியில் செய்த மாஷ் டன்: அடைப்பு, குறையும் சர்க்கரை, நிற்காத சூடு

தம்பி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்துரைத்துவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மெல்பர்னுக்குப் போய்க் குடியேறிய நீங்கள், 45 லிட்டர் கொள்ளும் செவ்வக ஐஸ் பெட்டி ஒன்றில் பால் வால்வு (உள்ளே பந்து சுழன்று திறக்கும் குழாய்) பொருத்தி, கனெக்‌ஷன் பைப்பின் உள் ரப்பரை உருவிவிட்டு எஃகுப் பின்னலை மட்டும் வடிகட்டியாக வைத்து, முழுத் தானியத்திலிருந்து பீர் காய்ச்சுவதற்கான மாஷ் டன், அதாவது தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் பாத்திரம், செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் 5.5 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) போட்டு 23 லிட்டர் எடுக்கத் திட்டமிட்டீர்கள். முதல் முறை, கரைந்த சர்க்கரையைக் காட்டும் அடர்த்தி எண் (வெறும் நீருக்கு 1.000) 1.052 வர வேண்டிய இடத்தில் 1.038தான் வந்தது. மால்ட் சரியாக உடையவில்லை என்று எண்ணி இரண்டாம் முறை அதை மிக்சியில் மறுபடி ஓட்டினீர்கள். வோர்ட் எனப்படும் இனிப்பு நீர் இரண்டு லிட்டர் வடிந்ததும் குழாய் அடைத்துக்கொண்டது. மூன்றாம் முறை ஒரு மணி நேரத்தில் சூடு 66 டிகிரியிலிருந்து 61க்கு இறங்கிவிட்டது, பீரும் நீர்த்துப்போயிருந்தது. பெட்டியை வீசிவிட்டு எஃகுப் பாத்திரம் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்க வேண்டாம். பெட்டியில் பெரிய குறை எதுவும் இல்லை.

பதிலுக்குள் போகுமுன் என் பக்கத்து நிலையையும் சொல்லிவிடுகிறேன். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு பீர் ஆலையின் மாஷ் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலந்தாவளத்துக்கு அருகில் குடியிருக்கிறேன். கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1077இன் அப்காரிச் சட்டமும், எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும் நடைமுறையில் இருப்பதால், உரிமம் இல்லாமல் இங்கே வீட்டில் பீர் காய்ச்ச முடியாது. சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர்போன பூமிதான் என்றாலும் அந்தக் கள்ளும் உரிமத்தின் கீழ்தான் இறக்கப்படுகிறது. உங்கள் ஊரில் சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை. இங்கே அது முடியாது என்பதால், நான் வீட்டில் வைத்திருக்கும் மாஷ் டன் பார்லி மால்ட் பாகும் ராகி மால்ட் பாகும் எடுப்பதற்கானது. வடித்த இனிப்பு நீரைப் புளிக்க விடாமல் அன்றைக்கே சுண்டக் காய்ச்சிவிடுவேன். ஆனால் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையாக்கி வடிப்பது வரைக்கும் உங்கள் வேலையும் என் வேலையும் ஒன்றே, கோளாறுகளும் ஒன்றே.

முதலில் ஓர் அடிப்படை. வோர்ட்டைத் தெளிவாக வடித்துத் தருவது உங்கள் எஃகுப் பின்னல் அன்று. ஆலையில் மாஷை வடிக்கும் பாத்திரத்தின் அடித்தட்டில் சுமார் 0.7 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளவுகள் இருக்கும். மாவுத் துகளில் பெரும்பகுதி அந்தப் பிளவைவிடச் சிறியது. அப்படியிருந்தும் கண்ணாடிபோல வோர்ட் வருகிறதென்றால், பிளவின் மேல் ஒரு முழம் உயரத்துக்குப் படிந்திருக்கும் பார்லி உமிதான் வடிகட்டுகிறது. வேனிற்காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் மேலே கலங்கல் இருந்தாலும் ஊற்றில் தெளிந்த நீர் சுரப்பதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். மணல் செய்யும் அந்த வேலையை இங்கே உமி செய்கிறது. தட்டானாலும், பிளவு வெட்டிய செப்புக் குழாயானாலும், உங்கள் பின்னலானாலும் அது உமிப் படுகையைத் தாங்கி நிற்கும் முட்டு மட்டுமே. உங்கள் மூன்று கோளாறுகளில் இரண்டு இதை மறந்ததால் வந்தவை.

ஆகவே இரண்டாம் முறை நேர்ந்த அடைப்பிலிருந்து தொடங்குகிறேன். மிக்சியின் கத்தி மால்ட்டை உடைப்பதில்லை. உமியோடு சேர்த்து வெட்டித் தூளாக்குகிறது. உமி கிழிந்ததும் படுகை எழும்பி நிற்கும் வலு இழக்கிறது. உள்ளிருந்த மாவு மிக மென்மையான பொடியாகி நீரில் குழைந்து, பின்னலின் மேல் களிபோல ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு குழாயை எவ்வளவு திறந்தாலும் உறிஞ்சும் விசை அந்தக் களியை மேலும் இறுக்குமே தவிர வோர்ட்டை இறக்காது. நானும் ஓய்வு பெற்ற புதிதில் வீட்டுக்கு வாங்கிய முதல் மூட்டை பார்லி மால்ட்டைப் பக்கத்து மாவு மில்லில் கொடுத்து, ரவை பதத்துக்கு உடைத்துத் தரச் சொன்னேன். ரவை பதம் சரியாகத்தான் வந்தது, உமியும் ரவையாகிவிட்டது. அன்று மாலை ஆறு மணிக்குத் திறந்த குழாயில் இரவு பத்து மணிக்கும் சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்தது. ஆலையில் உருளைகளுக்கு நடுவே நசுங்கி வந்த மால்ட்டையே பார்த்துப் பழகியிருந்த எனக்கு, அந்த உருளைகள் செய்யும் வேலையின் அருமை அன்றுதான் புரிந்தது.

உருளை ஆலை மால்ட்டை நசுக்கும்போது உமி இரண்டாகப் பிளந்து ஏறத்தாழ முழுதாக நிற்கும். உள் பருப்பு நொய்யாக உதிரும். வீட்டு உருளை ஆலை வாங்கினால் பார்லி மால்ட்டுக்கு இடைவெளியை 1.0 மில்லிமீட்டரிலிருந்து 1.1 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். உமியில்லாத கோதுமை மால்ட்டைத் தனியாக உடைத்தால் 0.9க்கு இறக்கலாம். உடைத்ததில் ஒரு கை அள்ளி வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பாருங்கள். நூறு தானிய மணிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் உடையாத முழு மணி தென்பட்டால் இடைவெளி அதிகம். உமி கிழிந்து சிம்பு சிம்பாகவும், காகிதம் மாவால் வெளுத்தும் இருந்தால் இடைவெளி குறைவு. உருளை கிடைக்காத காலத்தில் நான் கண்ட வழி எங்கள் வீட்டுப் பழைய திருகைதான். மேல்கல்லுக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே முளையில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிச் சற்றே தூக்கிவிட்டால், துவரையை உடைப்பதுபோல மால்ட் உமி சிதையாமல் உடைகிறது. 5 கிலோ அரைக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அதன் பிறகு ஒருநாளும் எனக்கு அடைத்ததில்லை.

இன்னொரு வழி உங்களுக்கு உடனே உதவும். உடைப்பதற்கு முன் மால்ட்டின் எடையில் 2 சதவீதம் நீரை, அதாவது 5.5 கிலோவுக்கு 110 மில்லி லிட்டரை, தெளிப்பான் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் புரட்டி, பத்து நிமிடம் வையுங்கள். நீர் உமியோடு நின்றுவிடும். உள் பருப்பு உலர்ந்தே இருக்கும். உமி தோல்போல இளகிவிடுவதால் உருளைக்கடியில் கிழியாது. சில ஆலைகளிலும் உடைக்குமுன் மால்ட்டைச் சற்று நனைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் இது உருளைக்கும் திருகைக்கும் பொருந்தும், மிக்சிக்குப் பொருந்தாது. மிக்சியை இந்த வேலைக்கு இனி எடுக்க வேண்டாம்.

அடுத்தது உமி. கோதுமை, ஓட்ஸ், ராகி என உமியற்ற தானியத்தைச் சேர்க்கும்போதெல்லாம் வெளியிலிருந்து உமியைக் கொண்டுவர வேண்டும். உங்கள் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான கடைகளில் நெல் உமியைப் பொட்டலம் கட்டி விற்பார்கள்; பாலக்காட்டு நெல்வயல்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு உமியைக் காசு கொடுத்து வாங்குவது விந்தையாகத் தோன்றலாம், ஆனாலும் வாங்குங்கள். மொத்தத் தானியத்தின் எடையில் 5 சதவீதம், அதாவது உங்கள் அளவுக்கு 250 முதல் 300 கிராம் போதும். நீரில் அலசித் தூசி போன பின் மாஷில் கலக்க வேண்டும். உமியில் சர்க்கரை இல்லை, சுவையையும் அது மாற்றாது. ராகிப் பாகுக்கு நான் ஒரு கிலோ ராகி மால்ட்டுக்கு 150 கிராம் உமி சேர்க்கிறேன், ஏனென்றால் ராகி மாவு ஊறினால் களிமண்ணுக்குச் சமம். இங்கிருந்து படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்து வரும், தவிட்டில் எண்ணெயும் மாவும் இருப்பதால் அது அடைப்பைக் கூட்டும். ரப்பர் உருளையால் நெல்லை உரிக்கும் நவீன அரிசி ஆலையில் தனியாக வெளிவரும் உமியையே கேட்டு வாங்குங்கள்.

பின்னலையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். கடையில் வெள்ளியாய் மின்னும் கனெக்‌ஷன் பைப்புகளில் சிலவற்றின் உறை எஃகன்று, நைலான் இழை. சூடு பட்டதும் இளகித் தட்டையாகிவிடும். உங்களுடையது உண்மையான துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும், களி கிண்டுவதுபோலத் துடுப்பால் கிண்டும்போது மிதிபட்டு நசுங்கியிருக்கலாம். தடித்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை விரல் பருமனில் சுருளாகச் சுற்றிப் பின்னலுக்குள் நுழைத்துவிட்டால் அது நசுங்காது. பின்னலின் மறுமுனை நன்றாக மடித்து மூடியிருக்கிறதா, வால்வோடு சேரும் இடத்தில் ஹோஸ் கிளாம்ப் இறுக்கமாக உள்ளதா என்றும் பாருங்கள். அந்த இடம் திறந்திருந்தால் தானியமே நேராக வால்வுக்குள் போய் அடைக்கும். அப்போது குறை படுகையில் இல்லை. பின்னலை என்ன செய்தாலும் பயனில்லை, வால்வைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் அடைத்துக்கொண்டால் பதற வேண்டாம். குழாயை மூடுங்கள். மூடிய குழாயின் முனையில் உள்ள சிலிக்கான் ஹோஸை மாஷ் மட்டத்துக்கு மேலே தூக்கி, ஒரு புனலை வைத்து 75 டிகிரி வெந்நீரை இரண்டு லிட்டர் ஊற்றியபடி வால்வைத் திறந்தால், நீர் அடியிலிருந்து ஏறிப் படுகையைத் தூக்கிவிடும். பிறகு வால்வை மூடி, முழு மாஷையும் அடிவரை கிளறி, கால்மணி நேரம் படிய விடுங்கள். மறுபடி வடிக்கும்போது வால்வைக் கால்பங்குக்கு மேல் திறக்க வேண்டாம். தொடக்கத்தில் முழுதாகத் திறப்பதுதான் பாதி அடைப்புகளுக்குக் காரணம். படுகை மெதுவாக அமர்ந்து தன் வழிகளை அமைத்துக்கொள்வதற்குள் அதை உறிஞ்சி இறுக்கிவிடுகிறோம். முதலில் வரும் நான்கைந்து லிட்டர் கலங்கலாகத்தான் இருக்கும். அதை ஒரு சொம்பில் பிடித்து, படுகையைக் குழி பறிக்காதபடி ஒரு கரண்டியின் முதுகில் விட்டு மேலேயே ஊற்றுங்கள். தெளிந்த பின் பாத்திரத்துக்குத் திருப்புங்கள். மாஷ் ஆறிப்போனாலும் வோர்ட் கெட்டியாகி வடிவது குறையும். ஆகவே வடிக்குமுன் கொதிநீர் சேர்த்துச் சூட்டை 75ஐ ஒட்டி ஏற்றிக்கொள்வது நல்லது.

இனி முதல் முறை குறைந்த சர்க்கரைக்கு வருவோம். ஒரு கிலோ வெளிர் மால்ட், ஒரு லிட்டர் நீரில் சுமார் 300 புள்ளிகள் (1.038 என்றால் 38 புள்ளி) தர வல்லது என்று வைத்துக்கொண்டால், 5.5 கிலோவில் 1,650 புள்ளிகள் இருக்கின்றன. 23 லிட்டரில் 1.038 என்பது, லிட்டருக்கு 38 வீதம், 874 புள்ளிகள். அதாவது 53 சதவீதம்தான் உங்கள் கைக்கு வந்தது. 1.052 வந்திருந்தால் 72 சதவீதம். வீட்டுப் பெட்டிக்கு அது நியாயமான எதிர்பார்ப்பு. இடையில் போன 19 சதவீதம் எங்கே என்பதுதான் கேள்வி. இதற்கு இரண்டே விடைகள் உண்டு: மாவு சர்க்கரையாக மாறவே இல்லை, அல்லது மாறிய சர்க்கரை பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நேராக மிக்சியை எடுத்ததுதான் உங்கள் தவறு. நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுத்ததுபோல ஆகிவிட்டது.

பிரித்தறிய, அடர்த்தி எண்ணை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றே போதும். ஒரு கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 16.5 லிட்டர் நீரில் நீங்கள் மாஷ் போடுகிறீர்கள். மாவு முழுவதும் சர்க்கரையானால், ஸ்பார்ஜ் நீர் (மீந்த சர்க்கரையை அலசி இறக்க ஊற்றும் வெந்நீர்) எதுவும் சேர்க்குமுன் நன்றாகக் கிளறி எடுத்த முதல் வோர்ட்டின் எண் 1.080ஐ எட்ட வேண்டும். அதை 20 டிகிரிக்கு ஆறவைத்துத்தான் அளக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் எண் குறைத்துக் காட்டும், கண்ணாடியும் விரிசல் விடலாம். எண் 1.080க்குச் சற்று மேலோ கீழோ இருந்தால் மாவு மாறிவிட்டது. குறை வடிப்பதில் இருக்கிறது. 1.065 போன்ற எண் வந்தால் மாவு மாறவில்லை. உடைத்த பதம், சூடு, நேரம், நீரின் தன்மை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டையும் சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்: வெள்ளைத் தட்டில் தெளிந்த வோர்ட்டை விட்டுச் சொட்டினால், மாவு மீதமிருக்கும் வரை கருநீலமாக மாறும். உமித்துண்டு கலந்திருந்தால் அது எப்போதும் நீலம் காட்டும் என்பதால் தெளிந்த நீரையே எடுங்கள். சோதித்ததை மாஷில் திருப்பி ஊற்ற வேண்டாம்.

உங்கள் விவரங்களைப் பார்த்தால், முதல் முறை இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடைகளில் அடைப்புப் புகார் வராமல் இருக்க மால்ட்டைச் சற்றுப் பருவெட்டாகவே உடைத்துக் கொடுப்பதுண்டு. அந்த அளவில் உங்கள் சந்தேகம் நியாயமானது. அதே கடையில் இருமுறை உருளையில் ஓட்டித் தரச் சொல்லுங்கள். அடுத்து, தானியத்தைப் பெட்டியில் கொட்டி அதன் மேல் நீரை ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். ராகிக் களி கிண்டும் வீட்டில் வளர்ந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை: கொதிக்கும் நீரில் மாவைத் தூவிக் கிண்டினால்தான் கட்டி தட்டாது. மாஷும் அப்படியே. நீரை முதலில் ஊற்றி, மால்ட்டை நான்கைந்து தவணையாகத் தூவிக் கிளறுங்கள். வெளியே நனைந்து உள்ளே உலர்ந்த மாவுக் கட்டி ஒரு மணி நேரம் ஆனாலும் சர்க்கரையாகாது. செவ்வகப் பெட்டியின் நான்கு மூலைகளிலும்தான் அவை அதிகம் ஒளிந்துகொள்ளும்.

வடிப்பதில் நேரும் இழப்புக்குப் பெட்டியின் வடிவமும் காரணம். உங்கள் பெட்டியின் உள்தளம் 50 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் என்று கொண்டால், நீரும் தானியமும் சேர்ந்த 20 லிட்டர் அதில் 13 சென்டிமீட்டர் உயரம்தான் நிற்கும். படிந்த படுகை 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதன் நடுவே ஒற்றைப் பின்னல் கிடக்கிறது. மேலே நீரைத் தூவிக்கொண்டே அடியில் வடிக்கும் முறையைக் கையாண்டால், நீர் பின்னலுக்கு நேர் மேலுள்ள இடத்தில் குறுக்குவழி கண்டு இறங்கிவிடும். ஓரங்களில் உள்ள சர்க்கரை அப்படியே நிற்கும். தொடர்ந்து தூவி வடிக்க வேண்டுமானால் அடி முழுவதும் பரவிய பிளவுக் குழாய் வலை வேண்டும். குழாயின் பிளவுகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை வடிவ ஜக் ஆனால் அதே 20 லிட்டர் 28 சென்டிமீட்டர் உயரம் நிற்கும் என்பதால் அது இன்னும் பொருத்தம். உங்கள் பெட்டிக்கும் பின்னலுக்கும் ஏற்றது வேறு வழி: முழுதாக வடித்துவிட்டு, இரண்டாம் தடவை நீரை மொத்தமாக ஊற்றி, நன்றாகக் கிளறி, மறுபடி முழுதாக வடிப்பது. கிளறிவிடுவதால் குறுக்குவழிக்கு இடமே இல்லை.

இந்த முறையில் இரண்டு வடிப்பும் ஏறக்குறையச் சம அளவாக இருந்தால் சர்க்கரை அதிகம் கிடைக்கும். கணக்கு எளியது. கொதிக்கவைக்க உங்களுக்கு 28 லிட்டர் வேண்டும். தானியம் கிலோவுக்கு ஒரு லிட்டர் வீதம் 5.5 லிட்டரைக் குடித்துக்கொள்ளும். பெட்டியின் அடியில் ஒரு லிட்டர் தேங்கும். 16.5 லிட்டரில் மாஷ் போட்டால் முதல் வடிப்பு 10 லிட்டர்தான் வரும். இரண்டாவது 18 ஆகிவிடும். முதல் வடிப்புக்கு முன், மேலே சொன்ன அளவீட்டை எடுத்துவிட்டு, 4 லிட்டர் கொதிநீரைச் சேர்த்துக் கிளறுங்கள். இரண்டும் 14 ஆகிவிடும், சூடும் ஏறும். தேங்கும் அளவு உண்மையில் ஒரு லிட்டர்தானா என்பதை வெறும் நீரால் சோதியுங்கள்: 10 லிட்டரை அளந்து ஊற்றி, வடிந்ததை அளந்தால் மிச்சம் தெரியும். மூன்று லிட்டர் தேங்கினால் பின்னல் அடியோடு படியவில்லை, அல்லது வால்வுக்கு உட்புறத்தில் காற்றுக் கசிந்து உறிஞ்சல் அறுந்துபோகிறது. பெட்டியின் மறுபக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தாலே ஒரு லிட்டர் கூடுதலாக வந்துவிடும்.

நீரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மெல்பர்ன் குழாய் நீர் மென்னீர். எங்கள் பக்கத்துப் போர்வெல் நீர்போலப் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடாது. மாஷின் பி.எச். (புளிப்பு அளவு) 5.2க்கும் 5.6க்கும் இடையே இருந்தால் போதும். வெறும் வெளிர் மால்ட்டும் மென்னீரும் சேரும்போது அது சற்று மேலே நிற்கக்கூடும். ஒரு தேக்கரண்டி அளவு ஜிப்சமோ கால்சியம் குளோரைடோ அதைச் சரிசெய்யும். ஸ்பார்ஜ் செய்தபின் படுகையின் சூடு 77க்கு மேல் போகாமலும், கடைசி வடிப்பின் எண் 1.010க்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொண்டால் உமியின் துவர்ப்பு இறங்காது.

மூன்றாம் முறை இறங்கிய சூடு. மாவைச் சர்க்கரையாக்க பார்லி மால்ட்டில் இரண்டு நொதிகள் உண்டு: பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரியில் நன்றாக வேலை செய்து, 70ஐ நெருங்கும்போது விரைந்து செயலிழக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 70ஐ ஒட்டிய சூட்டில் வலுவாக நிற்கும். 66 என்பது இரண்டும் கைகோக்கும் இடம். 61க்கு இறங்கியதும் பீட்டாவின் கை ஓங்கி, ஈஸ்ட் முற்றாக உண்ணக்கூடிய சர்க்கரையே மிகுந்து, பீர் வாயில் கனம் இல்லாமல் நீர்த்துவிட்டது. ஆனால் 66 என்று நீங்கள் படித்தது உண்மையில் 66தானா? தெர்மாமீட்டரை முதலில் உருகும் பனிக்கட்டி நீரில் வையுங்கள், 0 காட்ட வேண்டும், கொதிநீரில் 100. கடல்மட்டத்தை ஒட்டிய உங்கள் ஊரில் இது பொருந்தும். ஊட்டியில் கொதிநீரே 93 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும் என்பதை மலைநாட்டில் இருப்பவர்கள் நினைவில் கொள்ளட்டும். மேலும், கலந்த உடனே ஒரே இடத்தில் அளந்தால் அது அந்த இடத்தின் சூடு மட்டுமே. ஐந்து நிமிடம் கிளறி, மூன்று இடங்களில் அளக்க வேண்டும்.

பிறகு தானியம் இல்லாமல் ஒரு சோதனை. 67 டிகிரியில் 20 லிட்டர் நீரைப் பெட்டியில் ஊற்றி மூடி, 10, 30, 60 நிமிடங்களில் அளந்து எழுதுங்கள். முதல் 10 நிமிடத்திலேயே பெரும்பகுதி இறங்கிப் பிறகு நின்றுவிட்டால், குளிர்ந்த பெட்டியின் சுவர் சூட்டைக் குடித்துவிட்டது. மாஷுக்கு முன் 5 லிட்டர் வெந்நீரைப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்துக் கொட்டினால் தீரும். ஆனால் அந்த நீர் 80க்கு மேல் வேண்டாம். பெட்டியின் உள் பிளாஸ்டிக் உப்பி விரிசல் விடும். நிமிடத்துக்கு நிமிடம் சீராக இறங்கினால் மூடிதான் காரணம். பல ஐஸ் பெட்டிகளின் மூடி வெறும் கூடு. பனிக்கட்டியின் குளிர் கீழேயே தங்குவதால் மூடிக்குள் நுரை அடைக்கும் அவசியத்தை உற்பத்தியாளர்கள் காண்பதில்லை. சூடு மேல்நோக்கிப் போவது. மூடியின் உட்புறமின்றி மேற்புறத்தில் துளையிட்டுப் பாலியூரித்தேன் நுரையைச் செலுத்துங்கள். அதுவரை, மாஷின் மேல் அலுமினியத் தாளைப் படிய விரித்து, மூடிக்கு மேல் ஒரு தடித்த போர்வையைப் போட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 1 டிகிரிக்கு மேல் இறங்காது. பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் திண்ணையில் வைத்த என் டன் 3 டிகிரி இழக்கும். அதே டன் அடுக்களைக்குள் வைத்தால் 1 டிகிரிகூட இழப்பதில்லை. மெல்பர்ன் குளிர்காலத்தில் கராஜில் காய்ச்சுகிறீர்கள் என்றால் அதைப் பெட்டியின் குறையாக எண்ணிவிடாதீர்கள்.

ஊற்றும் நீரின் சூட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்பதால் 0.41ஐ வகுத்து, வேண்டிய சூட்டுக்கும் தானியத்தின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, வேண்டிய சூட்டோடு கூட்ட வேண்டும். என் வீட்டு மால்ட் 32 டிகிரியில் இருக்கும். 66க்கு நான் 70.6 டிகிரி நீரை ஊற்றினால் போதும். உங்கள் கராஜில் மால்ட் 14 டிகிரியில் இருந்தால் 73.1 வேண்டும். மாஷ் 61க்கு இறங்கிவிட்டதைப் பாதியில் கண்டால், உங்கள் அளவுக்கு ஏறத்தாழ 2.75 லிட்டர் கொதிநீர் அதை 66க்கு மீட்டுவிடும். சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள்.

பொருத்துகளில் கசிவு இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. எனினும் வரும் முன் இரண்டு செய்திகள். ஐஸ் பெட்டியின் இரு சுவர்களுக்கு நடுவே நுரை இருப்பதால், டேங்க் நிப்பிளின் (சுவரைத் துளைத்து வால்வைப் பொருத்தும் மரைத் துண்டு) நட்டை இறுக்க இறுக்கச் சுவர் அமுங்குமே தவிர வாஷர் பிடிக்காது. இரு சுவர்களுக்கு நடுவே அளவாக வெட்டிய, சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வைத்து அதன் மேல் இறுக்குங்கள். சாதாரண பி.வி.சி. 60 டிகிரியைத் தாண்டினால் இளகும் என்பதால் பெட்டிக்குள் எங்கேயும் அதை வைக்க வேண்டாம். இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும் அரை அங்குல மரை பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் அளவு; அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் வால்வு என்.பி.டி. என்னும் அமெரிக்க அளவு. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஏறிக்கொள்ளும், ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55, மற்றதில் 60 டிகிரி. எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் அது நாளாவட்டத்தில் கசியும்.

அடுத்த முறை காய்ச்சுவதற்கு முன் வெறும் நீரால் தேங்கும் அளவையும், ஒரு மணி நேரச் சூட்டையும் பாருங்கள்; இருமுறை உருளையில் ஓட்டிய மால்ட்டை வாங்குங்கள்; மற்ற எதையும் மாற்ற வேண்டாம். காய்ச்சும் நாளில் 10 நிமிடத்திலும் 60 நிமிடத்திலும் மாஷின் சூடு, ஆறவைத்த முதல் வோர்ட்டின் எண், இரண்டு வடிப்புகளின் லிட்டர் அளவு ஆகியவற்றை எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்த எண்களோடு, வடித்து முடித்த சக்கையில் ஒரு பிடியைக் காகிதத்தில் பரப்பிப் படமும் எடுத்து அனுப்பினால், உமி எந்த நிலையில் இருக்கிறது என்பதை இங்கிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவேன்.